எந்த லைன்?

ஊர் பேசும் இங்கிலீஷ் - இந்த வாரச் சொல்: லைன்

"லைன்ல இருக்காரா?"

வில்லியனூர் கடைவீதியில் ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்டால், எதிர்முனையில் ஆள் காத்திருக்கிறாரா என்று அர்த்தம். அதே கேள்வியை வங்கி வாசலில் கேட்டால், வரிசையில் நிற்கிறாரா என்று அர்த்தம். பிஸ்கட் ஏஜென்சி கடையில் கேட்டால், சரக்கு வேனை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கடைகளுக்குப் போட்டுவரப் போயிருக்கிறாரா என்று அர்த்தம். சேதராப்பட்டு தொழிற்பேட்டை வாசலில் கேட்டால், உள்ளே மெஷின் ஓடும் வரிசையில் வேலையில் இருக்கிறாரா என்று அர்த்தம்.

கேள்வி ஒன்றுதான். பதில் நாலு. ஆனால், கேட்பவருக்கும் குழப்பம் இல்லை. பதில் சொல்பவருக்கும் குழப்பம் இல்லை. பள்ளிக்கூடமே போகாத பாட்டிகூட, "அவன் லைனுக்குப் போயிருக்கான், சாயங்காலம்தான் வருவான்" என்று சரளமாகச் சொல்லிவிடுவார். இங்கிலீஷ் தெரியாது என்று சொல்பவர்களும் தினமும் பத்து முறையாவது சொல்லும் இங்கிலீஷ் சொல் இது.

இப்படி ஒரே சொல் பல வேலை பார்ப்பது இங்கிலீஷுக்குப் புதிதல்ல. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989-ம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான பதிவு எந்தச் சொல்லுக்குத் தெரியுமா? மூன்றே எழுத்துள்ள 'செட்' என்ற சொல்லுக்கு! 400-க்கும் மேற்பட்ட அர்த்தங்கள். சின்னச் சொல்லாக இருந்தால், வேலை அதிகமாகக் கொடுப்பார்கள்போல. 'லைன்' அந்த ஜாதிதான்.

முதலில் அது ஒரு நூல்

லைன் என்றதும் நமக்கு நோட்டில் போட்ட கோடுதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், அந்தச் சொல் பிறந்தது நோட்டில் அல்ல, செடியில்.

ஆளி விதை தெரியும் அல்லவா? உடம்பு குறைக்க என்று இப்போது எல்லோரும் பொடி செய்து சாப்பிடுகிறார்களே, அந்த ஆளி. அதன் தண்டிலிருந்து நார் எடுப்பார்கள். அந்தச் செடிக்கு லத்தீனில் 'லீனும்' என்று பெயர். அந்த நாரில் திரித்த நூல் 'லீனியா'. அதுதான் இங்கிலீஷுக்கு வந்து 'லைன்' ஆனது. இழுத்துப் பிடித்த நூல் நேராக இருக்கும் என்பதால், நேராக இருப்பதெல்லாம் லைன் ஆகிவிட்டது.

அதே செடியின் நாரில் நெய்த துணிதான் 'லினன்'. கோட்டுக்கும் சட்டைக்கும் உள்பக்கம் லினன் துணி வைத்துத் தைத்ததால், அந்த வேலைக்குப் பெயர் 'லைனிங்'. தையல்காரரிடம் ஜாக்கெட் கொடுக்கும்போது, "லைனிங் வெச்சுத் தைக்கணுமாக்கா, சாதாவா?" என்று கேட்கிறாரே, அந்த லைனிங்கும் கரன்ட் கம்பி லைனும் ஒரே செடியில் பிறந்த அண்ணன் தம்பிகள்.

இதில் ஆச்சரியம் என்னவென்றால், தமிழும் கிட்டத்தட்ட இதே வழியில் யோசித்திருக்கிறது. நமக்கு 'நூல்' என்றால் தைக்கிற நூல். கொத்தனார் சுவர் எழுப்பும்போது இரண்டு முனையிலும் கட்டிப் பிடிப்பதும் நூல். 'நூல் பிடித்த மாதிரி' என்றால் நேராக என்று அர்த்தம். படிக்கிற புத்தகமும் நூல்தான். மரத்தின் கோணலைத் தச்சரின் நூல் காட்டிக்கொடுத்து நேராக்குவதுபோல, மனதின் கோணலை நேராக்குவது நூல் என்று நன்னூல் விளக்கம் சொல்கிறது. ரோமில் நூல், கோடானது. தமிழில் நூல், புத்தகமும் ஆனது.

'வரி' என்ற சொல்லையும் பாருங்கள். புலியின் உடம்பில் இருப்பது வரி. பாட்டில் இருப்பது வரி. பஞ்சாயத்துக்குக் கட்டுவதும் வரி. 'கோடு' என்றால் கோடு மட்டுமா? மலைக்கும் அந்தப் பெயர் உண்டு, விலங்கின் கொம்புக்கும் உண்டு, குளத்தின் கரைக்கும் உண்டு. ஆக, ஒரே சொல்லில் பல வேலை வாங்கும் வித்தையை நமக்கு இங்கிலீஷ்காரர் கற்றுக்கொடுக்கவில்லை. ஏற்கெனவே பழகிய கைக்கு இன்னொரு கருவி கிடைத்தது, அவ்வளவுதான்.

வயலில் ஒரு லைன்

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். பெரிய ஏரி, அதை நம்பி வயல்கள். அந்தப் பக்கத்து விவசாயிகளிடம் 'லைன்' என்றால் நடவு.

முன்பெல்லாம் நாற்றைக் கைக்கு வந்தபடி நடுவார்கள். திருந்திய நெல் சாகுபடி வந்த பிறகு, வரிசைக்கு வரிசை, பயிருக்குப் பயிர் சுமார் 22.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நடச் சொன்னார்கள். அதற்காக இரண்டு பக்கமும் ஆள் நின்று, அடையாளம் போட்ட கயிற்றை இழுத்துப் பிடிக்க, நடுவில் பெண்கள் அந்த அடையாளத்தில் நடுவார்கள். இதை 'வரிசை நடவு' என்றும் சொல்வார்கள், 'லைன் நடவு' என்றும் சொல்வார்கள்.

இந்தக் கயிற்றைப் பார்த்தால், 2000 வருடத்துக்கு முந்தைய லத்தீன்காரர் உடனே அடையாளம் கண்டுகொள்வார். இழுத்துப் பிடித்த நார்க்கயிறு! சொல் எங்கெங்கோ சுற்றிவிட்டு, பிறந்த அர்த்தத்திலேயே வந்து நிற்கும் இடம் பாகூர் வயல்.

மனிதர்களுக்கும் லைன் உண்டு

"தம்பி எந்த லைன்ல இருக்காப்ல?" என்று பெண் வீட்டார் கேட்டால், மாப்பிள்ளை என்ன தொழில் செய்கிறார் என்று அர்த்தம். "நமக்கு அது லைன் இல்லைங்க" என்றால், அந்த வேலை ஒத்துவராது என்று அர்த்தம். "ரெண்டு நாள் முறுக்கிக்கிட்டு இருந்தான், இப்ப லைனுக்கு வந்துட்டான்" என்றால், வழிக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம்.

வார வட்டி, நாள் வட்டிக்குப் பணம் கொடுத்து, பைக்கில் வீடு வீடாக வந்து வாங்கிப்போவதற்கு 'லைன் வசூல்' என்று பெயர். அந்த பைக் சத்தம் கேட்டதும் பின்கட்டுக்குப் போய்விடும் வீடுகளில், லைன் என்ற சொல்லுக்கு வேறு அகராதி தேவையில்லை.

காலேஜ் பஸ்ஸில் 'லைன் அடிக்கிறது' என்றால் என்னவென்று எல்லா வீட்டிலும் தெரியும், தெரியாததுபோல இருப்பார்கள். சினிமாக்காரர்களுக்கு 'ஒன்லைன்' என்றால் ஒரே வரியில் கதை. தயாரிப்பாளரிடம் ஒன்லைன் சொல்லி ஓகே வாங்குவதற்குள் முடி நரைத்தவர்கள் உண்டு. 'பஞ்ச் லைன்' என்றால், ஹீரோ திரும்பி நின்று சொல்வது.

சந்தோஷமான அர்த்தங்கள் மட்டுமே இந்தச் சொல்லுக்கு இல்லை. இலங்கையின் மலையகத் தமிழர்களிடம் கேட்டால் தெரியும்.

19-ம் நூற்றாண்டில் பிரிட்டிஷ்காரர்கள் காபித் தோட்டம் போட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கானோரைக் கூலிகளாக அழைத்துப் போனார்கள். 1867-ல் அங்கே தேயிலையை வணிகத்துக்காகப் பயிரிடத் தொடங்கிய பிறகு இன்னும் நிறைய பேர் போனார்கள். அவர்களைத் தங்க வைக்க, பட்டாளத்துக்காரர்களின் குடியிருப்புபோல வரிசையாக அறைகளைக் கட்டினார்கள். பக்கத்து அறைக்கும் நமக்கும் நடுவே ஒரே சுவர். அறை ஒன்று சுமார் 10 அடிக்கு 12 அடி. அதற்குள்ளேதான் குடும்பமே. அந்த வரிசைக்கு இங்கிலீஷில் 'லைன்ஸ்' என்று பெயர். தமிழர் வாயில் அது 'லயன்' ஆகி, 'லயம்' ஆனது.

நமக்கு லயம் என்றால் பாட்டில் தாளத்தோடு சேரும் சுகம். அங்கே லயம் என்றால் தலைமுறை தலைமுறையாக நெருக்கிப்பிடித்து வாழ்ந்த வீடு. எழுத்து ஒன்றுதான். லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போக வேண்டும் என்பது இன்றும் அங்கே பல குடும்பங்களின் கோரிக்கை.

கம்பி போனது, லைன் போகவில்லை

தொலைபேசி வந்த காலத்தில், வீட்டுக்கு உண்மையாகவே ஒரு கம்பி வந்தது. ஆகவே 'லைன்' பொருத்தமான பெயர். மழைக்காலத்தில் "லைன் டெட்" ஆனது. நாம் பேசும்போது நடுவில் யாரோ ஒருவர் உரக் கடைக்கு ஆர்டர் சொல்லிக்கொண்டிருப்பார். அது 'கிராஸ் லைன்'. டிரங்க் கால் போட்டுக் காத்திருந்தவர்களுக்கு, "லைன் கிடைச்சாச்சு" என்பது பண்டிகை.

இப்போது கையில் செல்போன். கம்பியே இல்லை. ஆனாலும், "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்றுதான் சொல்கிறோம். கம்பி போய்விட்டது, சொல் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அதன் பேரப்பிள்ளை 'ஆன்லைன்'. பட்டா வேண்டுமா, சாதிச் சான்றிதழ் வேண்டுமா, "ஆன்லைன்ல போடுங்க" என்கிறார்கள். அதைப் போட்டுக்கொடுக்கும் கடை வாசலில் பெரிய லைன் நிற்கிறது. ஆன்லைனுக்காக லைனில் நிற்கும் இந்த விசித்திரம் இன்று எல்லா ஊரிலும் உண்டு. வரிசையில் நிற்கும் அம்மாவுக்கு இது தமாஷாகத் தெரியாது. ஒரு நாள் கூலி போனது தெரியும்.

தாண்டக் கூடாத கோடு

சில லைன்கள் தாண்டுவதற்கில்லை. 'டெட்லைன்' என்று அலுவலகத்தில் மிரட்டுகிறார்களே, அந்தச் சொல் பிறந்தது சிறையில். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1864-ல், ஜார்ஜியா மாகாணத்தின் ஆண்டர்சன்வில் சிறை முகாமில் மதிலுக்கு உள்ளே சற்றுத் தள்ளி ஒரு தடுப்பு போட்டிருந்தார்கள். கைதி அதைத் தாண்டினால், காவலர் கேள்வி கேட்காமல் சுடலாம். அதுதான் டெட்லைன். இன்று டெட்லைனைத் தாண்டினால் திட்டு மட்டும் விழுகிறது. அந்த வகையில் நாம் கொடுத்து வைத்தவர்கள்.

வில்லியனூர், பாகூர் மக்களோ தினமும் ஒரு கோட்டைத் தாண்டிக்கொண்டே வாழ்பவர்கள். வில்லியனூரிலிருந்து விழுப்புரம் பஸ் ஏறுங்கள். அரியூர் வரை புதுச்சேரி. கண்டமங்கலம் வந்தால் தமிழ்நாடு. திருபுவனை, மதகடிப்பட்டு வந்தால் மறுபடி புதுச்சேரி. அதைத் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் இத்தனை எல்லை! கடலூர் போகும் வழியிலோ முள்ளோடை வந்தால் எல்லை.

இந்தக் கோடு எப்படி இவ்வளவு கோணலானது? அது நூல் பிடித்துப் போட்ட கோடல்ல. நவாபுகளிடம் வாங்கியது, போரில் இழந்தது, பேச்சுவார்த்தையில் திரும்பப் பெற்றது என்று துண்டு துண்டாகச் சேர்ந்தது. 1783-ல் பிரிட்டனும் பிரான்ஸும் செய்துகொண்ட வெர்சாய் ஒப்பந்தத்தில், பாண்டிச்சேரியைத் திருப்பித் தருவதோடு, அதைச் சார்ந்த பகுதிகளாக இரண்டு ஊர்களையும் பெற்றுத்தருவதாக பிரிட்டன் ஒப்புக்கொண்டது. அவை வில்லியனூர், பாகூர். எங்கோ ஐரோப்பாவில் மேஜை போட்டு உட்கார்ந்தவர்கள் எழுதிய காகிதத்தில் இந்த இரண்டு பெயர்களும் இருக்கின்றன.

அந்தக் கோட்டை அழிக்கும் முடிவும் இந்தப் பக்கத்தில்தான் எடுக்கப்பட்டது. 1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 170 பேர் ஆதரவு. 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியான மாற்றம் முடிந்தது. நாட்டு எல்லை போய், மாநில எல்லை மட்டும் மிஞ்சியது. 'கொம்யூன்' என்ற பிரெஞ்சுச் சொல்லும் கூடவே மிஞ்சியது.

எல்லை வெறும் வரைபடத்தில் இல்லை. தலைக்கு மேலும் ஓடுகிறது. இந்தப் பக்கம் கம்பத்தில் இருப்பது புதுச்சேரி மின்துறை லைன். சில நூறு அடி தள்ளி நிற்பது தமிழ்நாட்டு லைன். இங்கே கரன்ட் போனாலும் அங்கே விளக்கு எரியும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

லைன் கிளியர்

வில்லியனூர் வழியாக ரயில் போகிறது. புதுச்சேரி - விழுப்புரம் பாதை 1879-ல் திறக்கப்பட்டது. விழுப்புரம் போய்ச் சேர்ந்தால், திருச்சிக்கு இரண்டு வழி. கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாகச் சுற்றிப்போவது 'மெயின் லைன்'. விருத்தாசலம் வழியாகக் குறுக்கே போவது 'கார்டு லைன்'. இந்தக் கார்டு, ரேஷன் கார்டும் இல்லை. பின்பெட்டியில் கொடி காட்டும் கார்டும் இல்லை. வட்டத்தின் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு உள்ளே குறுக்கே போடும் நேர்கோட்டுக்கு நாண் என்று கணக்குப் பாடத்தில் படித்தோமே, அதன் இங்கிலீஷ் பெயர்.

ரயில்காரர்களின் மிக முக்கியமான சொல் 'லைன் கிளியர்'. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில் வந்தால் என்ன ஆகும்? அது நடக்காமல் இருக்க, அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் "பாதை காலி, அனுப்பலாம்" என்று முறைப்படி சொன்ன பிறகே ரயில் கிளம்பும். முன்பு அதற்கு அடையாளமாக ஓர் உலோகப் பந்து இருந்தது. பெரிய பிரம்பு வளையத்தில் பையைத் தொங்கவிட்டு, அதற்குள் பந்தைப் போட்டு டிரைவரிடம் நீட்டுவார்கள். ஓடும் ரயிலிலிருந்து அதைக் கையில் கோத்துக்கொள்வதைப் பார்க்கவே பிளாட்பாரத்தில் கூட்டம் நிற்கும்.

பந்து கையில் இருந்தால்தான் ரயில் போகும். 'பாதை காலியாத்தான் இருக்கும்' என்ற ஊகத்துக்கு அங்கே இடமில்லை. இந்த ஒழுங்கை மின்சாரத் துறையும் எடுத்துக்கொண்டது, அதே பெயரோடு.

'ஆஃப்' வேறு, 'கிளியர்' வேறு

மற்ற லைன்களில் தவறாகப் புரிந்துகொண்டால், நேரம் போகும், பணம் போகும், மானம் போகும். மின்சார லைனில் போவது உயிர்.

லைன்மேன் ஒருவர் கம்பத்தில் ஏறுமுன் 'லைன் கிளியர்' வாங்குவார். சுருக்கமாக 'எல்.சி.' அதற்கு நாலு படி உண்டு. ஒன்று, கரன்ட் வரும் எல்லா வழியையும் துண்டிப்பது. இரண்டு, உண்மையிலேயே கரன்ட் இல்லையா என்று சோதித்துப் பார்ப்பது. மூன்று, வேலை செய்யும் இடத்தின் இரு பக்கமும் லைனை எர்த் செய்வது. நான்கு, யார், எத்தனை மணிக்கு, எந்த லைனில் எல்.சி. வாங்கினார் என்று எழுதி வைப்பது. வாங்கியவரே வேலை முடித்து இறங்கி, எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி கரன்ட் விட வேண்டும். "முடிஞ்சிருக்கும், போட்டுவிடு" என்று இன்னொருவர் சொல்லக் கூடாது.

இந்த நாலில் முதல் படி மட்டும்தான் 'ஆஃப்'. மீதி மூன்றும் சேர்ந்தால்தான் 'கிளியர்'.

ஊர்ப்பக்கம் நடக்கும் விபத்துகளில் பல, இந்த இரண்டையும் ஒன்று என்று நினைப்பதால் வருகின்றன. மோட்டார் கொட்டகையில் கரன்ட் இல்லை. "அண்ணே, லைன் ஆஃப்தான், ஏறுங்க" என்கிறான் தம்பி. அவன் சொன்னது கொட்டகையின் மெயின் சுவிட்சை. அண்ணன் தொடப்போவது கம்பத்திலிருந்து வரும் கம்பியை. இருவரும் சொன்ன சொல் ஒன்றே. நினைத்த லைன் வேறு வேறு.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். மெயினை ஆஃப் செய்தால், மெயினுக்குப் பிறகுள்ள வயரிங்கில்தான் கரன்ட் நிற்கும். கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் சர்வீஸ் வயரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், மெயின் ஆஃப் ஆனதும் அது வேலையைத் தொடங்கிவிடும். விளக்கு, ஃபேன் வயர்களில் மறுபடி கரன்ட் வந்துவிடும்.

எலக்ட்ரீஷியன்கள் 'லைன்', 'நியூட்ரல்' என்று இரண்டைச் சொல்வார்கள். கரன்டைக் கொண்டுவருவது லைன். சுவிட்ச் எப்போதும் லைனைத்தான் துண்டிக்க வேண்டும். அவசரத்தில் மாற்றிக் கொடுத்து, சுவிட்ச் நியூட்ரலைத் துண்டிக்கும்படி ஆகிவிட்டால் என்ன ஆகும்? சுவிட்சைத் தட்டினால் பல்ப் அணையும். ஆனால், ஹோல்டரில் கரன்ட் இருக்கும். பல்ப் மாற்ற ஸ்டூலில் ஏறுபவருக்கு அது தெரியாது. பல்ப் எரியாததை வைத்து 'லைன் இல்லை' என்று முடிவுசெய்யக் கூடாது என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் இல்லை.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கல்யாண மண்டபமோ, ரைஸ் மில்லோ, வீடோ, 'சேஞ்ச் ஓவர்' சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை நேரே வயரிங்கில் கொடுத்தால், கரன்ட் வெளியே லைனுக்குத் திரும்பிப் போகும். டிரான்ஸ்ஃபார்மர் வழக்கமாக 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்குத் தருகிறது. கரன்ட் எதிர்த்திசையில் போனால், அதே டிரான்ஸ்ஃபார்மர் நம் ஜெனரேட்டர் கரன்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்திவிடும். தெருவே இருட்டு என்று நம்பிக் கம்பத்தில் இருப்பவர், நம் வீட்டு வெளிச்சத்துக்குப் பலியாகலாம்.

புயலுக்குப் பிறகான லைன்

இந்தப் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழை வந்தால் கம்பம் சாய்வதும் கூடவே வரும். 2011 டிசம்பர் 30-ல் வந்த 'தானே' புயலை யாரும் மறக்கவில்லை. 2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி, பாகூர் பக்கத்து கிராமங்களைச் சூழ்ந்தது.

இப்படிப்பட்ட நாள்களில் வரப்பில், தண்ணீரில், முருங்கை மரத்தின்மேல் கம்பி அறுந்து கிடக்கும். ஊரே இருட்டாக இருப்பதால், அந்தக் கம்பியிலும் கரன்ட் இருக்காது என்று தோன்றும். இங்கேதான் எல்லைக் கதையை ஞாபகப்படுத்த வேண்டும். கிடப்பது நம் தெருவுக்கு வரும் லைனா, பக்கத்து ஊருக்குப் போகும் லைனா, தமிழ்நாட்டு லைனா? நம் வீட்டில் கரன்ட் இல்லை என்பது அந்தக் கம்பியைப் பற்றி எதுவும் சொல்லாது. இப்போது கரன்ட் இல்லாவிட்டாலும், எங்கே பழுது என்று பார்க்க லைனை எந்த நிமிடத்திலும் சார்ஜ் செய்து பார்க்கலாம்.

வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டியவை இவை:

* அறுந்து கிடக்கும் கம்பியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். தேங்கிய தண்ணீருக்குள் கிடந்தால், அந்தத் தண்ணீரிலேயே கால் வைக்காதீர்கள். குழந்தைகளையும் ஆடு மாடுகளையும் அண்டவிடாதீர்கள்.

* குச்சியால் தள்ளிவிடலாம் என்று முயலாதீர்கள். ஈரக் குச்சியில் கரன்ட் பாயும்.

* தெரியாமல் பக்கத்தில் போய்விட்டால், ஓடாதீர்கள். இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, தரையில் தேய்த்தபடி சின்னச் சின்னதாக நகர்ந்து விலகுங்கள். கால்களை அகட்டி வைத்தால், கரன்ட் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கும்.

* துணி காயப்போடும் கொடியை இரும்புக் கம்பியில் கட்டாதீர்கள். ஒரு முனையை மின்கம்பத்திலோ, சர்வீஸ் வயரைத் தாங்கும் பைப்பிலோ கட்டவே கூடாது. தேங்காய் நார்க் கயிறோ, நைலான் கயிறோ போதும்.

* மின் புகாருக்காக நாடு முழுக்க ஒதுக்கப்பட்ட எண் 1912. எல்லையோர ஊர்களில், உள்ளூர் மின் அலுவலக எண்ணையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

புகார் சொல்லும்போது "லைன் அறுந்து கிடக்குங்க" என்று மட்டும் சொன்னால் பாதித் தகவல்தான். எந்த ஊர், எந்தத் தெரு, பக்கத்தில் என்ன இருக்கிறது, கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அது என்ன, உயரமான கம்பத்து லைனா, வீட்டுக்கு வரும் வயரா என்று சொல்லுங்கள். எந்த லைனை நிறுத்துவது என்று அந்த விவரங்களை வைத்துத்தான் அவர்கள் முடிவு செய்ய முடியும்.

போனில் பேசுபவர் "லைன்ல இருங்க" என்றால் இருக்கலாம். பஸ்ஸுக்கும் ரேஷனுக்கும் லைனில் நிற்கலாம். மாப்பிள்ளையின் லைன் பிடித்திருந்தால் சம்பந்தம் பேசலாம். அங்கெல்லாம் சொல்லின் அர்த்தத்தை இடமே சொல்லிவிடும். ஆனால், ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கும்போது, பக்கத்தில் இருப்பவர் "லைன் ஆஃப்" என்று சொன்னால், இடத்தை நம்பி அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். இரண்டே வார்த்தையில் திருப்பிக் கேளுங்கள்:

"எந்த லைன்?"

பதில் தெளிவாக வரும் வரை கையை எடுத்தே வைத்திருங்கள்.